தனி உறுப்புகள் எங்கே ஒளிந்திருக்கின்றன?

மொட்டைமாடியில் சில கோடைகளைக் கடந்த பிளாஸ்டிக் நாற்காலியைத் தடவிப் பாருங்கள். விரலில் வெள்ளை மாவு ஒட்டும். நிறம் வெளுத்து, மேற்பரப்பில் மயிரிழை போன்ற வெடிப்புகள் ஓடியிருக்கும். ஒருநாள் யாராவது சாய்ந்து உட்காரும்போது அது படீரென்று முறியும். முறிந்த துண்டின் குறுக்குவெட்டைக் கவனித்தால் ஒரு விஷயம் தெரியும்: கெட்டுப்போனது பெரும்பாலும் வெயில் பட்ட மேல்தோல்தான். உட்பகுதியின் நிறம் அவ்வளவாக மாறியிருக்காது. ஆனாலும் நாற்காலி போய்விட்டது. மேல்தோலில் பிறந்த வெடிப்பு நல்ல பகுதிக்குள்ளும் பாய்ந்துவிட்டது.

இந்த அழிவை நடத்துபவை தனி உறுப்புகள். ஃப்ரீ ராடிக்கல் என்ற பெயரில் மருத்துவப் பக்கங்களில் நாம் அடிக்கடி படிப்பவைதான். ஒரு பொருளில் அவை எவ்வளவு இருக்கின்றன என்று அளக்கும் வித்தை 80 ஆண்டுகளாக நம்மிடம் இருக்கிறது. ஆனால் பொருளின் ஆயுளைத் தீர்மானிப்பது அவற்றின் எண்ணிக்கை மட்டுமல்ல, அவை இருக்கும் இடமும்தான். அந்த இடத்தை, பொருளை வெட்டாமலும் அரைக்காமலும் கண்டுபிடித்துப் படமாகத் தரும் முறைதான் எலக்ட்ரான் பாராகாந்த ஒத்ததிர்வுப் படமாக்கம். சுருக்கமாக இ.பி.ஆர். படமாக்கம்.

துணையில்லாத எலக்ட்ரான்

மூலக்கூறுகளில் எலக்ட்ரான்கள் பொதுவாக இரண்டிரண்டாக இணைந்தே இருக்கும். வேதிப்பிணைப்பு ஒன்று நடுவில் முறிந்து, ஆளுக்கொரு எலக்ட்ரானோடு இரு துண்டுகளும் பிரிந்தால், ஒவ்வொரு துண்டிலும் இணையில்லாத எலக்ட்ரான் ஒன்று மிஞ்சும். அந்தத் துண்டுதான் தனி உறுப்பு. இழந்த இணையைத் தேடி அது பக்கத்து மூலக்கூறைத் தாக்கும். தாக்கப்பட்டது அடுத்த தனி உறுப்பாக மாறும். கரிமச் சேர்மங்களில் அப்படி ஒன்று நிலைத்து வாழ முடியும் என்று 1900இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மோசஸ் கோம்பெர்க் முதன்முதலில் காட்டியபோது, பல வேதியியலாளர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை.

பிளாஸ்டிக்கில் நடப்பது ஒரு தொடர்வினை. சூரியனின் புறஊதாக் கதிர் பாலிமர் சங்கிலியில் ஒரு தனி உறுப்பை உருவாக்குகிறது. காற்றிலிருந்து உள்ளே நுழைந்த ஆக்சிஜன் உடனே அதனோடு சேர்ந்து பெராக்சி உறுப்பாகிறது. அது பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பறித்து ஹைட்ரோபெராக்சைடாகிறது. பறிகொடுத்த சங்கிலி புதிய தனி உறுப்பாகிறது. ஹைட்ரோபெராக்சைடின் மீது மீண்டும் ஒளி பட்டால் அது உடைந்து மேலும் இரண்டு தனி உறுப்புகளைத் தரும். ஒன்று பலவாகப் பெருகப் பெருக, நீண்ட சங்கிலிகள் துண்டாகி, வளைந்து கொடுத்த பொருள் நொறுங்கும் பொருளாகிவிடுகிறது.

கசானில் பிறந்த கருவி

எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி என்ற பண்பு உண்டு. அதனால் ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு நுண்ணிய காந்தம். இணையாக இருக்கும் இரு எலக்ட்ரான்களின் காந்தத்தன்மை ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். இணையில்லாதவற்றின் காந்தத்தன்மை மட்டுமே வெளியே தெரியும்.

அத்தகைய எலக்ட்ரானை வலுவான காந்தப்புலத்தில் வைத்தால், அது புலத்தோடு ஒத்தோ எதிர்த்தோ நிற்கலாம். இந்த இரு நிலைகளுக்கும் ஆற்றலில் சிறு வேறுபாடு உண்டு. காந்தப்புலம் கூடக் கூட வேறுபாடும் அதே விகிதத்தில் கூடும். சரியாக அந்த வேறுபாட்டுக்கு ஈடான ஆற்றல் கொண்ட மின்காந்த அலை வந்தால், எலக்ட்ரான் அதை உறிஞ்சிக் கீழ்நிலையிலிருந்து மேல்நிலைக்குத் தாவும். இதுதான் ஒத்ததிர்வு. 1944இல், போர்க்காலத்தில், சோவியத் ஒன்றியத்தின் கசான் நகரில் யெவ்கெனி சவோய்ஸ்கி இந்த உறிஞ்சலை முதலில் பதிவு செய்தார். அவர் பயன்படுத்தியவை ரேடியோ அலைகள். போர் முடிந்ததும் ரேடார் தொழில்நுட்பம் ஆய்வகங்களுக்கு வந்துசேர, நுண்ணலைகள் இந்தத் துறையின் அடிப்படைக் கருவியாயின.

இன்று பரவலாக உள்ள கருவிகள் சுமார் 9.5 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்குகின்றன. அந்த அதிர்வெண்ணுக்குப் பெரும்பாலான தனி உறுப்புகள் 0.34 டெஸ்லா அளவிலான காந்தப்புலத்தில் ஒத்ததிர்கின்றன. அறை வெப்பநிலையில் இரு நிலைகளிலும் உள்ள எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஏறக்குறைய சமம். 10,000 எலக்ட்ரான்களை எடுத்துக்கொண்டால் கீழ்நிலையில் சுமார் 8 மட்டுமே கூடுதல். கருவிக்குக் கேட்பது அந்த எட்டின் குரல்தான். எலக்ட்ரானின் காந்தத் திருப்புத்திறன் புரோட்டானுடையதைப் போல் 658 மடங்கு என்பதால்தான் இவ்வளவு சிறிய வேறுபாட்டிலிருந்தும் தெளிவான குறிகை கிடைக்கிறது.

இந்த முறையின் பெரிய பலம் அதன் தேர்வுத்தன்மை. பொருளில் உள்ள கோடானுகோடி இணைந்த எலக்ட்ரான்கள் எதையும் இது பார்ப்பதில்லை. இணையில்லாதவற்றை மட்டுமே பார்க்கிறது. அழிவை நடத்துபவை யாவோ, அவை மட்டுமே திரையில் தெரிகின்றன.

எண்ணிக்கையிலிருந்து வரைபடத்துக்கு

காந்தப்புலம் மாதிரி முழுவதும் சீராக இருந்தால், எல்லாத் தனி உறுப்புகளும் ஒரே இடத்தில் குறிகை தரும். மொத்தம் எவ்வளவு என்று தெரியும். யார் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இந்தத் தடையைத் தாண்டும் வழி அணுக்கருக் காந்த ஒத்ததிர்வில் முதலில் பிறந்தது. 1973இல் பால் லாட்டர்பர், காந்தப்புலத்தை வேண்டுமென்றே சாய்வாக அமைத்துப் படம் எடுக்கலாம் என்று காட்டினார். மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. அதன் வழித்தோன்றல். அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

வீணையில் தேர்ந்த காது உள்ளவர், வாசிப்பவரின் கையைப் பார்க்காமலே, எழும் சுரத்தைக் கேட்டே விரல் எந்த மெட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடுவார். தந்தியில் இடம் மாறினால் சுரம் மாறும் என்பதால் அது முடிகிறது. சாய்வான காந்தப்புலமும் இதையே செய்கிறது. மாதிரியின் ஒரு முனையில் புலம் சற்றுக் குறைவு, மறுமுனையில் சற்று அதிகம். எனவே ஒவ்வோர் இடத்திலுள்ள தனி உறுப்பும் வெவ்வேறு புல மதிப்பில் ஒத்ததிர்கிறது. குறிகை எந்த மதிப்பில் வந்தது என்பதே அது எந்த இடத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது.

ஒரு திசையில் சாய்வு கொடுத்தால் கிடைப்பது அந்தத் திசையிலான நிழற்படம் மட்டுமே. சாய்வின் திசையைச் சிறிது சிறிதாகத் திருப்பிப் பல கோணங்களில் பதிவுகள் எடுத்து, சி.டி. ஸ்கேனில் பயன்படும் அதே வகைக் கணிதத்தால் ஒன்றுசேர்த்தால், இரு பரிமாண அல்லது முப்பரிமாணப் படம் உருவாகிறது. 1979இல் ஹோக், டே என்ற இருவர் வைரத்துக்குள் இருக்கும் பாராகாந்த மையங்களின் பரவலை இப்படிப் படமாக்கி வெளியிட்டார்கள். இ.பி.ஆர். படமாக்கத்தின் தொடக்கக்கால வெற்றிகளில் அது ஒன்று. 1980களில் நைட்ராக்சைடு என்னும் நிலையான தனி உறுப்புகளைக் கொண்டு உயிரியல் மாதிரிகளும் படமாக்கப்பட்டன.

எம்.ஆர்.ஐ. வளர்ந்த வேகத்தில் இது வளராததற்குக் காரணம் இயற்பியலிலேயே இருக்கிறது. துடிப்பு ஒன்றைக் கொடுத்தபின் புரோட்டான்களின் குறிகை பல மில்லிநொடிகளுக்கு மேல் நீடிக்கும்; அதற்குள் சாய்வுகளை மாற்றி மாற்றித் தகவல் சேகரிக்க நேரம் உண்டு. எலக்ட்ரானின் குறிகையோ மைக்ரோநொடிகளிலும், பல பொருள்களில் அதற்கும் குறைந்த நேரத்திலும் அடங்கிவிடும். அதனால் பெரும்பாலும் நுண்ணலையைத் தொடர்ந்து செலுத்திக்கொண்டே காந்தப்புலத்தை மெல்ல நகர்த்தித்தான் பதிவு செய்கிறார்கள்.

இரண்டாவது தடை, நிறமாலைக் கோட்டின், அதாவது புலத்தை நகர்த்தும்போது குறிகை விரிந்து நிற்கும் பட்டையின், அகலம். அருகருகே உள்ள இரு இடங்களைப் பிரித்தறிய வேண்டுமானால், அவ்விரண்டுக்கும் இடையிலான புல வேறுபாடு கோட்டின் அகலத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கோட்டின் அகலம் 0.1 மில்லிடெஸ்லா என்றால், மீட்டருக்கு 1 டெஸ்லா சாய்வில் பிரித்தறியும் தொலைவு 0.1 மில்லிமீட்டர். மருத்துவ எம்.ஆர்.ஐ. கருவிகளில் இருப்பது மீட்டருக்குச் சில பத்து மில்லிடெஸ்லா மட்டுமே. அதைப் போல இருபது மடங்குக்கு மேற்பட்ட சாய்வு இங்கே தேவைப்படுகிறது. கணித முறையில் கோட்டின் வடிவத்தைக் கழித்துப் படத்தை மேலும் கூர்மையாக்கலாம்.

இடமும் சூழலும் ஒரே படத்தில்

இந்தத் துறையின் அழகான கண்டுபிடிப்பு, நிறமாலையையும் இடத்தையும் ஒன்றாகப் படமாக்கும் முறை. வழக்கமான படத்தின் இரு அச்சுகளும் நீளம், அகலம் என்று இருக்கும். இங்கே ஓர் அச்சு ஆழம்; மற்றது நிறமாலை. அதாவது, மேற்பரப்பிலிருந்து உள்ளே செல்லச் செல்ல ஒவ்வோர் ஆழத்திலும் தனி உறுப்பின் முழு நிறமாலையும் கிடைக்கிறது.

இதன் பயன் பெரிது. தனி உறுப்பின் நிறமாலை அது வாழும் சூழலைக் காட்டிக்கொடுக்கும். நைட்ராக்சைடு தளர்வான இடத்தில் வேகமாகப் புரண்டுகொண்டிருந்தால் மூன்று கூர்மையான கோடுகள் வரும். இறுக்கமான இடத்தில் சிக்கியிருந்தால் கோடுகள் அகன்று விரிந்துவிடும். ஆகவே இது எத்தனை பேர், எந்தத் தெருவில் என்பதோடு நிற்காமல், எந்த மாதிரி வீட்டில் வாழ்கிறார்கள் என்பதையும் சொல்கிறது.

பிளாஸ்டிக் சொன்ன பாடம்

பொருள்களின் அழிவை ஆராய இந்த முறையை முழு வீச்சில் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் டெட்ராய்ட் மெர்சி பல்கலைக்கழகத்தின் ஷூலமித் ஷ்லிக். 1990களின் இறுதியிலிருந்து அவரது குழு ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கை ஆராய்ந்தது. கார் பாகங்கள், கணினி உறைகள், விளையாட்டுப் பொருள்கள் என்று நாம் அன்றாடம் தொடும் பொருள்தான் ஏபிஎஸ். ரப்பர் போன்ற பியூட்டாடையீன் பகுதிகளும், இறுகிய ஸ்டைரீன்-அக்ரிலோநைட்ரைல் பகுதிகளும் அதில் கலந்திருக்கும். இறுக்கம் வலிமையைத் தருகிறது. ரப்பர் பகுதி அடி தாங்கும் குணத்தைத் தருகிறது.

வெயிலிலிருந்து பிளாஸ்டிக்கைக் காக்க ஒருவகை அமீன் சேர்மங்களைத் தயாரிக்கும்போதே சிறிதளவு சேர்ப்பார்கள். அழிவுவினை தொடங்கியதும் இந்த அமீன்களிலிருந்து நைட்ராக்சைடுகள் பிறக்கும். அவை சங்கிலியை அறுக்கும் தனி உறுப்புகளைப் பிடித்து அடக்கி, பிறகு மீண்டும் நைட்ராக்சைடாகவே வெளிவரும். அழிவை நடத்தும் தனி உறுப்புகளுக்கு ஆயுள் மிகக் குறைவு. அவற்றை நேரடியாகப் படமெடுப்பது கடினம். நைட்ராக்சைடோ நிலையானது, தானும் ஒரு தனி உறுப்பு என்பதால் கருவிக்குத் தெரியும். எங்கே அழிவு நடக்கிறதோ அங்கே காவலாகப் பிறந்து நிற்கும் அதுவே ஆராய்ச்சியாளர்களுக்குச் சாட்சியும் ஆனது.

புறஊதா ஒளியில் வைத்த ஏபிஎஸ் துண்டுகளின் படங்கள், நைட்ராக்சைடுகள் ஒளிபட்ட மேற்பரப்பை ஒட்டியே குவிந்திருந்ததைக் காட்டின. நிறமாலை அச்சு இன்னொன்றையும் சொன்னது. வேகமாகப் புரளும் நைட்ராக்சைடுகள் ரப்பர் பகுதியில் இருப்பவை; மெல்ல அசைபவை இறுகிய பகுதியில் இருப்பவை. ஒளி படும் நேரம் நீள நீள, வேகமாகப் புரள்பவற்றின் பங்கு மேற்பரப்பருகே குறைந்தது. முதலில் தாக்கப்பட்டது அடி தாங்கும் ரப்பர் பகுதிதான். பழைய பிளாஸ்டிக் ஏன் வளையாமல் முறிகிறது என்பதற்கான வேதியியல் காரணம், துண்டை வெட்டாமலே ஆழவாரியாகக் கண்முன் வந்தது.

வெப்பத்தால் வரும் அழிவில் கிடைத்த முடிவு தொழிற்சாலைகளுக்கு இன்னும் முக்கியமானது. சுமார் 60 டிகிரி செல்சியஸில் வைத்த துண்டுகளில் நைட்ராக்சைடு ஆழம் முழுவதும் ஏறக்குறைய சீராக இருந்தது. சுமார் 120 டிகிரியில் வைத்தவற்றில் பரவல் சீராக இல்லை. காரணம் ஆக்சிஜன். வெப்பம் கூடினால் வினை விரைகிறது. காற்றிலிருந்து நுழையும் ஆக்சிஜன் மேல்தோலிலேயே செலவழிந்துவிடுகிறது. உட்பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேர்வதில்லை.

ஒரு பொருள் இருபது ஆண்டு தாங்குமா என்று அறிய இருபது ஆண்டு காத்திருக்க முடியாது. ஆகவே அதிக வெப்பத்தில் சில வாரங்கள் வைத்துச் சோதித்து, அதிலிருந்து கணக்குப் போட்டு ஆயுளைச் சொல்வது வழக்கம். ஆனால் சோதனை அறையில் நடக்கும் அழிவு மேல்தோலோடு நிற்பதும், வீட்டின் மிதமான வெப்பத்தில் நடப்பது உள்வரை பரவுவதுமாக இருந்தால், இரண்டும் ஒரே அழிவல்ல. வேகப்படுத்திய சோதனையின் முடிவை அப்படியே நம்பிவிடக் கூடாது என்பதற்கு இ.பி.ஆர். படங்கள் கண்கூடான சான்று.

மிளகுக்குள்ளும் பேட்டரிக்குள்ளும்

இந்த முறை பிளாஸ்டிக்கோடு நிற்கவில்லை. ஜப்பானின் ஹிரோசாகி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கோஇச்சி நாகாகாவா, சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போரிஸ் எபெலுடன் சேர்ந்து, நம் அஞ்சறைப்பெட்டியில் உள்ள மிளகை 9 கிகாஹெர்ட்ஸ் கருவியில் வைத்துப் படமெடுத்தார். மிளகில் நிலையான தனி உறுப்புகள் இருக்கின்றன. அவை பெரும்பாலும் வெளித்தோலில்தான் இருக்கின்றன என்று படம் காட்டியது. பச்சை மிளகு உலரும்போது கறுப்பாவதற்குக் காரணம் தோலில் உள்ள பீனாலிக் சேர்மங்களின் ஆக்சிஜனேற்றம் என்பது ஏற்கெனவே அறிந்த செய்தி. மிளகை இடித்துப் பொடியாக்கி அளந்திருந்தால் மொத்த எண்ணிக்கை கிடைத்திருக்கும். தோலுக்கும் பருப்புக்கும் உள்ள வேறுபாடு தெரியாமலே போயிருக்கும்.

லித்தியம் அயனி பேட்டரிகளில் கேள்வி வேறு. 2015இல் சத்யா மாரியப்பன், ழான்-மரி தராஸ்கோன், எர்வே வெசான் உள்ளிட்டோர் பிரான்சில் நடத்திய ஆய்வில், பேட்டரியை மின்னேற்றிக்கொண்டிருக்கும்போதே இ.பி.ஆர். படம் எடுத்தார்கள். மின்வாயில் இணையில்லாத எலக்ட்ரான் கொண்ட ருத்தேனியமும் ஆக்சிஜன் இனங்களும் எப்போது, எங்கே தோன்றுகின்றன என்று ஓடும் பேட்டரியிலேயே பார்க்க முடிந்தது.

லித்தியம் உலோகத்துக்கும் ஒரு குறிகை உண்டு. அது தனி உறுப்பு அல்ல; ஆனால் உலோகத்தில் திரியும் கடத்து எலக்ட்ரான்கள் ஒத்ததிர்கின்றன. 9.5 கிகாஹெர்ட்ஸ் அலை லித்தியத்துக்குள் சுமார் 1 முதல் 2 மைக்ரோமீட்டர் மட்டுமே நுழையும். தடித்த தகட்டிலிருந்து வரும் குறிகை சாய்ந்த வடிவிலும், மெல்லிய கிளைகளாக வளர்ந்த லித்தியத்திலிருந்து வருவது சமச்சீர் வடிவிலும் இருப்பது இதனால்தான். பேட்டரியில் குறுக்குச்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடிக்க வழிசெய்வது இந்தக் கிளைகளே. மின்வாய்களைப் பிரிக்கும் தடுப்புப்படலத்தில் இவை எங்கே ஊடுருவியிருக்கின்றன என்று 2018இல் ஜெர்மனி ஆய்வாளர்கள் இதே முறையால் படமாக்கினார்கள்.

உடலையும் இந்த முறை தொட்டிருக்கிறது. நீர் நுண்ணலையை வெகுவாக உறிஞ்சுவதால் உயிருள்ள திசுவுக்கு 9.5 கிகாஹெர்ட்ஸ் ஒத்துவராது. 300 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்கள் வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் வேதியியல் பேராசிரியராக இருந்த சங்கரன் சுப்பிரமணியன், பின்னர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் முரளி கிருஷ்ணா செருகூரி போன்றோருடன் சேர்ந்து, இந்த அதிர்வெண்ணில் துடிப்பு முறையில் படமெடுக்கும் கருவிகளை உருவாக்கினார். ஆக்சிஜன் பக்கத்தில் இருந்தால் தனி உறுப்பின் கோடு அகலும். அந்த அகலத்தை அளந்து, எலிகளின் புற்றுக்கட்டியில் எந்தப் பகுதி ஆக்சிஜன் இன்றித் தவிக்கிறது என்று வரைபடம் போட முடிகிறது. ஆக்சிஜன் குறைந்த பகுதி கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு எளிதில் மசியாது என்பதால் இந்த வரைபடத்துக்கு மருத்துவ மதிப்பு அதிகம்.

எல்லைகள்

இந்தக் கருவியால் எல்லாம் முடிந்துவிடாது. 9.5 கிகாஹெர்ட்ஸில் மாதிரியின் குறுக்களவு பொதுவாக ஒரு சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். ஈரமான பொருளும் உலோகத் துண்டும் நுண்ணலையைக் கெடுக்கும். தாழ்ந்த அதிர்வெண்ணுக்குப் போனால் பெரிய மாதிரியை வைக்கலாம். ஆனால் குறிகை மெலியும். பிறந்த நொடியிலேயே மறையும் தனி உறுப்புகளைப் பிடிக்க, நைட்ராக்சைடு போன்ற சாட்சிகளை நம்பவேண்டியிருக்கிறது. துல்லியமான முப்பரிமாணப் படத்துக்குப் பதிவு நேரம் நீளும். வேகமாகப் புலத்தை வருடும் முறைகளும், புதிய கணித மீட்டுருவாக்க முறைகளும் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாகக் குறைத்து வருகின்றன.

பொருள்களின் ஆயுளைப் பற்றி இந்தத் துறை சொல்லும் செய்தி தெளிவானது. ஒரு துண்டை அரைத்து அளந்து, கிடைத்த சராசரியைக் கொண்டு அது இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று சொல்வது போதாது. ஒரே எண்ணிக்கையிலான தனி உறுப்புகள் சீராகப் பரவியிருந்தால் ஒரு விளைவு. மேல்தோலில் குவிந்திருந்தால் வேறு விளைவு. பாலத்தின் ரப்பர் தாங்கி, மின்கம்பியின் உறை, அறுவை சிகிச்சையில் பொருத்தும் செயற்கை மூட்டு என்று உயிர்கள் நம்பியிருக்கும் பாலிமர்கள் பல. அவற்றைச் சோதிப்பவர்கள் “எவ்வளவு கெட்டிருக்கிறது?” என்று கேட்பதோடு நிறுத்தாமல் “எந்த ஆழத்தில் கெட்டிருக்கிறது?” என்றும் கேட்க வேண்டும். அதற்கு விடைதரும் கருவி நம்மிடம் இருக்கிறது. இயற்பியலும் வேதியியலும் கணிதமும் ஒருசேரத் தேவைப்படும் இந்தத் துறைக்கு நம் மாணவர்கள் இன்னும் அதிகமாக வர வேண்டும்.